குல்மார்க் பனிச்சறுக்கு: 20 நிமிடத்தில் ஏறிவிடும் கோண்டோலா... உடம்புக்கு எத்தனை நாள் வேண்டும்?

காலையில் சென்னையில் இட்லி, சாம்பார். டெல்லியில் விமானம் மாறி மதியத்துக்கு மேல் ஸ்ரீநகர். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு குல்மார்க். மறுநாள் விடிந்ததும் கோண்டோலாவில் ஏறி அஃபர்வாட் மலை உச்சிப் பக்கம்!

பயண அட்டவணையில் பார்க்க இது அழகாகத்தான் இருக்கும். ஆனால், கடல் மட்டத்தில் மூச்சுவிட்டுப் பழகிய உடம்பை ஒரே ராத்திரி இடைவெளியில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போகும் திட்டம் இது. ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் என்று மாதக்கணக்கில் ஷாப்பிங் செய்பவர்கள்கூட உடம்பைத் தயார்செய்ய மறந்துவிடுகிறார்கள்.

அடிவாரமே தொட்டபெட்டா உயரம்!

ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் 2,240 மீட்டரைவிடக் குறைவு. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் குல்மார்க். பனி கொட்டும் நாள்களில் தங்மார்க் என்ற ஊரில் நிறுத்தி, டயருக்குச் சங்கிலி மாட்டித்தான் வண்டிகள் மேலே ஏறும்.

பனிச்சறுக்கு பழகுபவர்கள் முதலில் விழுந்து எழும் சமவெளி, குல்மார்க்கில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நம் ஊரின் உச்சி, அங்கே அடிவாரம்!

கோண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கோங்தூரியில் முடிகிறது. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை போகிறது. கேபினில் உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டுக்கும் சேர்த்தே சுமார் 20 நிமிடம்தான்.

மேலே போனால் உடம்பில் என்ன நடக்கும்?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. மெரினாவில் இழுக்கும் மூச்சோடு ஒப்பிட்டால், குல்மார்க்கில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அஃபர்வாட் நிலையத்தில் சுமார் 60 சதவீதம்.

இதைச் சமாளிக்க உடம்பு முதலில் மூச்சையும் இதயத் துடிப்பையும் வேகப்படுத்துகிறது. அடுத்த சில நாள்களில் சிறுநீரகம் ரத்தத்தின் கார அமிலச் சமநிலையைச் சரிசெய்கிறது. மேலே போனதும் அடிக்கடி சிறுநீர் வருவது இதனால்தான். கூடுதல் சிவப்பணுக்கள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது.

‘தினமும் ஜிம் போகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. உடற்பயிற்சி தொடைக்கும் இதயத்துக்கும் பலம் தரும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்காது. உடம்பு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாக ஏறும் இளைஞர்கள்தான் பல நேரங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் ராத்திரிதான் பரீட்சை

உயரத்தால் வரும் நோய், பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனால் எட்டிப் பார்க்கும். போன உடனே தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத் தலைவலி ஆரம்பிக்கும். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி, தூக்கமின்மை. கோண்டோலாவில் ஏறி, ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துவிட்டு இறங்குபவர்களுக்கு மூச்சு வாங்குவதோடு முடிந்துவிடலாம். நாள் முழுக்க மேலே சறுக்குபவர்களும், குல்மார்க்கில் இரவு தங்குபவர்களும்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தலைவலிக்கு வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம். ஒன்று, காபி. தினமும் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினாலே தலை வலிக்கும். காஷ்மீரின் கஹ்வா ருசியாக இருக்கும். ஆனால், காபியின் இடத்தை அது நிரப்பாது. இன்ஸ்டன்ட் காபி பாக்கெட் கையில் இருப்பது நல்லது. இன்னொன்று ஆபத்தானது. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பும், கரி கங்கணப்பும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துவிடும். அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே கதவு, ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்கலாம்

பனிச்சறுக்கில் முழு வேலையும் தொடைக்குத்தான். புதிதாகப் பழகுபவர்கள் சரிவில் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து மேலே ஏற வேண்டியிருக்கும். குறைந்த ஆக்சிஜனில் அதற்கே மூச்சு முட்டும். தொடை சோர்ந்தால் பேலன்ஸ் போகும், முழங்கால் திரும்பும்.

6 முதல் 8 வாரம் முன்பே தினமும் மாடிப்படி ஏறி இறங்குவது, வேக நடை, தோப்புக்கரணம், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வது போல நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது போதும்.

ரத்தப் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவாக இருந்தால் உயரத்தில் சிரமம் இரட்டிப்பாகும்.

இதய நோய், ஆஸ்துமா, நுரையீரல் பிரச்னை, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீண். அதை லக்கேஜில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். உயரத்துக்கான அசெட்டசோலமைடு மாத்திரையை, நண்பர் சொன்னார் என்று போடக் கூடாது. சல்ஃபா மருந்து அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அட்டவணையை இப்படி மாற்றலாம்

- முதல் நாள்: ஸ்ரீநகரில் தங்கல். உயரம் பெரிதாக இல்லை என்றாலும் பயணக் களைப்பு தீரும்.
- இரண்டாம் நாள்: குல்மார்க். சும்மா நடந்து ஊர் பார்ப்பது மட்டும். மதுவும், டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் வேண்டாம்.
- மூன்றாம் நாள்: சமவெளியில் பனிச்சறுக்குப் பயிற்சி. அடிக்கடி ஓய்வு.
- நான்காம் நாள்: தலைவலி இல்லை என்றால் மட்டும் கோண்டோலா. இரவுத் தூக்கம் மீண்டும் குல்மார்க்கில்.

பகலில் உயரே போய் இரவில் கீழே தூங்குவது மலையேறுபவர்களின் பழைய வழக்கம்.

குளிரில் தாகம் தெரியாது. சிறுநீர் வெளிர் நிறத்தில் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் போதும். லிட்டர் லிட்டராகக் குடித்தால் நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. புதுப்பனி, வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். எனவே, மேகமூட்டமாக இருந்தாலும் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அவசியம்.

எப்போது இறங்க வேண்டும்?

லேசான தலைவலி என்றால் அங்கேயே ஓய்வு. அறிகுறி இருக்கும்போது மேலே போகவே கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரைச்சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோக்கும் அடையாளம். தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வந்தால் மூளை வீக்கமாக இருக்கலாம். ஒரு குதிகாலை மற்ற காலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். குல்மார்க் உயரத்தில் இவை அரிது. ஆனால், வந்தால் உயிருக்கே ஆபத்து. விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சின்னக் குழந்தைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பிடாமல், விளையாடாமல் சிணுங்கினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

குல்மார்க்கில் ஒரு பெரிய வசதி உண்டு. 13 கிலோமீட்டர் இறங்கினாலே தங்மார்க், சுமார் 500 மீட்டர் கீழே. பெரிய மருத்துவமனைகள் உள்ள ஸ்ரீநகரும் எட்டும் தூரம்தான். பனி கொட்டி சாலை மூடினால்தான் சிக்கல். அதனால், வானிலை பார்த்து முன்கூட்டியே முடிவெடுப்பது நல்லது.

இவ்வளவு தெரிந்தும் பலரைத் தடுமாறவைப்பது ஒரே ஒரு விஷயம்தான். கோண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டதே என்று, ராத்திரி முழுக்கத் தூங்காத அம்மாவையும் வாந்தி எடுத்த குழந்தையையும் கைப்பிடித்து கேபினில் ஏற்றிவிடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே தேதியைப் பயணத்தின் கடைசி நாள்களுக்குத் தள்ளிப்போட்டால் இந்தச் சங்கடம் பாதி தீரும். அன்றைக்கும் உடம்பு சரியில்லையா? டிக்கெட் போனால் போகட்டும். மலை அங்கேயேதான் இருக்கும்.