டைனமோ இருந்த இடம்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய அம்பாசிடர் கார், 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனது. அமைச்சர்களையும் ஆட்சியர்களையும் சுமந்த அவ்வண்டி, வாடகைக் காராகி மணமக்களையும் நோயாளிகளையும் சுமந்தது. அதனைக் கைவிட மனமில்லாதோர் இன்றும் ஊர்தோறும் உள்ளனர். பம்புசெட்டுக்கும் மின்மோட்டாருக்கும் பெயர்பெற்ற கோவையில், கடைசல் எந்திரம் ஒன்றையும் பற்றவைப்புக் கருவி ஒன்றையும் நம்பி இயங்கும் சிறு பட்டறை ஒன்றிற்கு அத்தகைய வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முகப்பு விளக்குகளை எரியவிட்டுச் சாலைச் சந்திப்பில் காத்து நின்றால் ஒளி மங்குகிறது. முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது. இதுவே அவருடைய முறையீடு.

குறை அவ்வண்டியினுடையது அன்று. அது பிறந்த காலத்தினுடையது. அக்காலக் கார்களில் மின்சாரம் தந்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுருளே சுழல்கிறது. பிறந்த மின்சாரம் முழுவதும், செம்புத் துண்டுகளை உரசி நிற்கும் கரித்துண்டுகள் வழியாகவே வெளியேற வேண்டும். மிகு வேகத்தில் சுழற்றினால் சுருள் பிய்ந்து சிதறும். ஆதலால் அதன் வேகத்திற்கு ஓர் எல்லை வகுத்தார்கள். எஞ்சின் மெல்ல ஓடும்போது அதனால் போதிய மின்சாரம் தர இயலாமல் போயிற்று. பிரித்தானியக் கார்களில் பெருவழக்காயிருந்த லூக்காஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் தந்ததே 22 ஆம்பியர்தான். ஆல்டர்னேட்டரில் இம்முறை தலைகீழாகிறது. காந்தம் சுழல, மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாது நிற்கிறது. பிறந்த மாறுமின்னோட்டத்தைச் சிலிக்கான் டயோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. இன்னும் விரைவாகச் சுழற்றலாம் என்பதால், வண்டி நிற்கும்போதும் மின்கலத்திற்கு ஊட்டம் கிடைக்கிறது.

ஆயின் டைனமோ நீண்ட உருளை. ஆல்டர்னேட்டரோ குட்டையும் பருமனுமானது. எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில் டைனமோவுக்கென அமைந்த காதுகள், ஆல்டர்னேட்டரின் காதுகளோடு பொருந்துவதில்லை. இடையில் ஒரு தாங்கி வேண்டும். பட்டறை மொழியில் அதற்குப் பிராக்கெட் என்று பெயர். தேடிய கடைகளில் அது கிடைக்கவில்லை.

எஞ்சினில் புதிதாக ஒரு துளையும் இடுவதில்லை என்பதைப் பட்டறைக்காரர் முதலிலேயே உறுதி செய்துகொண்டார். வார்ப்பிரும்பில் பிழையாக இட்ட துளையை அழிக்க வழியில்லை. இருக்கும் துளைகளின் மீது அட்டை ஒன்றை வைத்து, மசகு படிந்த விரலால் அழுத்தித் தேய்த்தார். துளைகளின் விளிம்பு அட்டையில் வட்டமாகப் பதிந்தது. அளவுகோலைவிட இம்முறையில் தவறு குறைவு என்பது அவருடைய துணிபு. அந்த அட்டையின் வடிவிலேயே ஆறு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டித் துளையிட்டார்.

அடுத்தது வார் ஓடும் தடம். எஞ்சினின் கப்பி, நீரேற்றியின் கப்பி, ஆல்டர்னேட்டரின் கப்பி ஆகிய மூன்றையும் ஒரே வார்தான் சுழற்றுகிறது. மூன்றும் ஒரே தளத்தில் நில்லாவிட்டால் வார் கீச்சிடும். கருந்தூளாகத் தேய்ந்து உதிரும். தச்சரும் கொத்தரும் செய்வதுபோல் அவர் கப்பிகளின் குறுக்கே நூல் பிடித்தார். இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக ஒரு வளையத்தைக் கடைந்து சேர்த்தார். வாரை இறுக்கும் பட்டையின் நீள்துளையையும் நேராக வெட்டாமல், ஆல்டர்னேட்டர் திரும்பும் அச்சை மையமாகக் கொண்ட வில்லாக வளைத்து வெட்டினார். அன்று மாலை எஞ்சின் மெல்ல ஓடியபோதே சிவப்பு விளக்கு அணைந்தது. ஆசிரியர் மகிழ்ந்து சென்றார்.

மூன்றாம் வாரம், குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் தாங்கி முறிந்தது. வார் கழன்றது, அதனோடு நீரேற்றியும் நின்றது. எஞ்சினிலிருந்து ஆவி எழ, ஆசிரியரும் அவர் மனைவியும் பாதையோரத்தில் இரவுவரை காத்திருக்க நேர்ந்தது. மறுநாள் அவர் பட்டறைக்கு வந்து, முறிந்த இரு துண்டுகளையும் மேசைமீது வைத்துவிட்டு அமர்ந்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பட்டறைக்காரருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

“பத்து மில்லித் தகடாப் போட்டுட்டா என்னங்கண்ணா?” என்றான் உதவியாளன்.

“கனத்தைக் கூட்டினா வெடிப்பு வேற இடம் தேடிக்கும் தம்பி. எங்க தொடங்கியிருக்குன்னு முதல்ல பாரு.”

இரண்டு அறுவைகள் சந்தித்த கூரிய உள்மூலையில் அது தொடங்கியிருந்தது. முறிவின் பெரும்பகுதி வழவழப்பாயிருந்தது; கடைசியில் பிய்ந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாயிருந்தது. ஒரே அடியில் ஒடிந்ததன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பிளந்தது. நான்கு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 முறை உள்ளே எரிபொருள் வெடித்து எரிகிறது. ஒவ்வொன்றும் அத்தகட்டுக்கு ஓர் உலுக்கல். ஒருமுறை தாங்கும் சுமையையே பல இலட்சம் முறை தாங்கும்போது உலோகம் களைத்துவிடும். தொடர்வண்டி அச்சுகள் காரணமின்றி முறிவதுபோல் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், செருமானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல்லாண்டு ஆய்ந்து கண்டது இதுவே. பட்டறைக்காரர் வோலரைப் படித்தவரல்லர். ஆனால் தாம் செய்த பிழை இரண்டு என்று அவர் கண்டுகொண்டார். ஒன்று, அந்தக் கூரிய மூலை. மற்றொன்று, ஆல்டர்னேட்டரின் முன்காதை மட்டும் பிடித்துப் பின்காதைத் தொங்கவிட்டது. டைனமோவை எஞ்சின் இரு முனையிலும் பிடித்திருந்தது. அவர் அதைக் கவனிக்கத் தவறியிருந்தார். நூல் பிடித்த பெருமிதத்தில் மறந்துவிட்டார் என்றும் கொள்ளலாம்.

இரண்டாம் தாங்கிக்கும் அதே ஆறு மில்லிமீட்டர் தகடுதான். உள்மூலை ஒவ்வொன்றையும் முதலில் துளையிட்டு, அத்துளைவரை மட்டும் அறுத்து, அரத்தால் உருட்டினார். பின்காதுக்கு ஒரு கால் சேர்த்தார்; இரண்டையும் இணைத்து முக்கோணத் தகடு ஒன்றைப் பற்றவைத்தார். வெப்பத்தில் தகடு முறுக்கிக்கொள்ளும் ஆதலால், பழைய எஞ்சின் உடல் ஒன்றில் திருகி வைத்தே பற்றவைத்து, முற்றும் ஆறிய பின்னரே கழற்றினார். பின் மீண்டும் நூல் பிடித்தார்.

கூலி வாங்க மறுத்த அவரிடம் ஆசிரியர் பாதித் தொகையை வற்புறுத்திக் கொடுத்தார். வண்டி அதே மலைப்பாதையில் பலமுறை ஏறி இறங்கியாயிற்று. எண்ணெய்த் துணியில் சுற்றிய டைனமோ, அதன் திருகாணிகளோடு பின்பெட்டியில் கிடக்கிறது. வேண்டுமானால் பழைய இடத்திலேயே மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். மசகு வட்டங்கள் பதிந்த அட்டை பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. முறிந்த தாங்கியின் இரு துண்டுகளும் அதே ஆணியில் உள்ளன. புதிதாக வேலைக்கு வருபவனிடம், எதையும் விளக்காமல் அவற்றைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கிறார் பட்டறைக்காரர்.