ஒரு கரிக்கோச்சி வாங்கிய கதை

சகோதரிகளே, புகையிரதத்தை எங்கள் தோட்டங்களில் இன்றும் "கோச்சி" என்றுதான் சொல்வோம். கோப்பிக்காக 1867 இல் கண்டி வரை வந்த பாதை, 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அதற்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது.

ஹட்டன் பகுதியில் என் பணியில் பழக்கமான ஓர் அம்மா, 1977 கலவரத்தின்பின் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். 2009 இல் மகனைத் தொலைத்துவிட்டு, மருமகளோடும் கைக்குழந்தையான பேரனோடும் திரும்பி வந்தார். அந்தப் பேரன் இன்று விளையாட்டுக் கோச்சிகள் சேர்க்கிறான். லண்டனிலிருக்கும் தாத்தா முறைக்காரர் தண்டவாள வளையமும் இரண்டு பெட்டிகளும் அனுப்பியிருந்தார். இன்ஜின் மட்டும் இல்லை. சீட்டுக் காசில் அதை வாங்கித்தர அம்மா நினைத்தார்.

"அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாமே" என்றார்கள் உறவினர். அம்மா என்னிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்க மிஸ், இது வீண் செலவா?"

தெரிவு செய்வதும் இலேசாக இருக்கவில்லை. பேரன் கேட்டது காரட் இன்ஜின். நடுவில் கொதிகலன், இருபுறமும் சக்கரத் தொகுதிகள். மலைவளைவுகளுக்கும், 44 அடிக்கு ஓர் அடி ஏறும் ஏற்றத்துக்கும் ஏற்றது. மான்செஸ்டரில் பேயர் பீகொக் நிறுவனம் செய்து 1927 இல் இலங்கைக்கு வந்தது. ஆனால் அதன் மாதிரிக்கு விலை கைக்கெட்டாது. அடுத்தது, முன்னால் நான்கு சிறு சக்கரமும் பின்னால் ஆறு பெரிய சக்கரமும் கொண்ட வகை. நமது பிரதான பாதையில் ஓடிய பீ1 இன்ஜின்களும் இந்த அமைப்புத்தான்.

அளவில் அச்சொட்டாக வராது. நமது தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர், பிரித்தானியாவில் 1435. கடையில் கிடைப்பவை அந்நாட்டு இன்ஜின்களின் மாதிரிகள். பேரனின் பாதையோ 16.5 மில்லிமீற்றர். ஆகவே உருவ ஒற்றுமை போதும் என்று முடிவு செய்தோம். பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வளைவு அளவையும் பார்த்தோம். வளையம் அதைவிடச் சிறிதாயின் நீள இன்ஜின் தடம்புரளும். கைப்பிடிக் கம்பி, சக்கரத் தண்டு எல்லாம் தனித்தனியாகப் பொருத்தியது அழகுதான், கைபட்டால் ஒடியும். லண்டனிலிருந்து வந்த மூன்று படங்களில், நடுத்தர விலைக்குரிய பழைய இன்ஜின் ஒன்றை அம்மாவே தெரிவு செய்தார்.

வடக்குப் பாதை 1990 இல் நின்றது. 2013 இல்தான் கிளிநொச்சிக்கு மீண்டும் கோச்சி வந்தது. "அவன் அப்பனுக்குப் பிள்ளைய ஒருநாள் கோச்சியில கூட்டிப்போக ஆசை. அதுக்குக் குடுத்து வைக்கல" என்றார் அம்மா. அவர் கேட்ட கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது.

சமூகவியல் படித்தவள் நான். உதவிப் படிவங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் கூரைக்கும் இடமுண்டு, ஆசைக்கு இடமில்லை. துயரப்பட்ட பெண் சோற்றுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதித்தவர் யார்? உங்கள் வீட்டிலும் இப்படியொரு சின்ன ஆசை காத்திருக்கலாம். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, அதற்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.