ஊதாவாக வழிந்த இரும்பு

வால்பாறையிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக் கார் அது. பொள்ளாச்சியில் சாலையோரம் இருக்கும் அந்த வாட்டர் வாஷ் கடைக்குள் நுழையும்போதே முன்சக்கரங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. வண்டி முழுக்க வெள்ளை, அலாய் வீல் இரண்டும் மட்டும் கரிப்பழுப்பு. பின்சக்கரங்கள் அவ்வளவு மோசமில்லை. அந்தக் காருக்குப் பின்னால் டிரம் பிரேக். டிரம்மில் உதிர்வது பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். முன்னால் இருப்பது டிஸ்க். உதிர்ந்ததெல்லாம் நேராகச் சக்கரத்தில்தான் விழும். போதாக்குறைக்கு, பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது.

என் வண்டிக்கு முறை வர நேரமிருந்தது. சுவரோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

காரிலிருந்து இறங்கிய இளைஞர் நேரே சக்கரத்தைக் காட்டினார். "அண்ணா, செராமிக் கோட்டிங் போட்ட வீலுங்க இது. கோட்டிங் செத்துப்போச்சு போல. ஷாம்பு போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது. ஆசிட் அடிச்சு எடுத்துருங்க."

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பதில் சொல்லவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புறங்கையைச் சக்கரத்தின் ஆரங்களுக்கு அருகே கொண்டுபோனார், தொடவில்லை. "சூடு ஆறட்டுமுங்க தம்பி" என்று மட்டும் சொல்லி, காரை வெயிலிலிருந்து தகரக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளக்கூடும். சூடான சக்கரத்தில் அடிக்கும் மருந்தோ வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து, தானே ஒரு கறையாக உட்கார்ந்துவிடும். அந்தக் காத்திருப்பைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொன்றிலும் பிரேக் பேட் வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கவ்வுகிறது. பேட் மட்டும் தேய்வதில்லை, டிஸ்க்கும் தேய்கிறது. சுடச்சுடப் பறக்கும் அந்தத் தூளில் இரும்புதான் அதிகம். பேட்டைக் கட்டிவைத்திருக்கும் பிசினும் அதில் கலந்திருக்கும். சக்கரத்தில் விழுந்து ஒட்டிய இரும்பின்மேல் பனியும் மழையும் படும், அது இருந்த இடத்திலேயே துருப்பிடிக்கும். வால்பாறைப் பக்கம் மழைக்குக் குறைவில்லை. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அங்கேதான் இருக்கிறது. அப்படித் துருவேறிப் பிடித்த தூள் ஷாம்புக்கு எப்படி அசையும்?

சூடு தணிந்ததும் தண்ணீர் அடித்தார். முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டிய தண்ணீர் சக்கரத்தில் சப்பையாகப் படர்ந்து நின்றது. "பாத்தீங்களா, உருளவே இல்ல" என்றார் இளைஞர்.

"தண்ணி கோட்டிங்மேல விழலீங்க தம்பி. அழுக்குமேலதான் விழுது."

அன்று அங்கே பேசப்பட்டவற்றில் முக்கியமான வாக்கியம் இதுதான். கோட்டிங் என்பது மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் சிலிக்கா வகைப் பொருளால் ஆன மிக மெல்லிய படலம். தூளை அது விழாமல் தடுப்பதில்லை. விழுந்தது பெயின்ட்டுக்குள் இறங்காமல் தாங்கிக்கொள்கிறது. மேலே அழுக்கு மூடிவிட்டால், உள்ளே உயிரோடு இருக்கிற கோட்டிங்கும் செத்ததுபோலத்தான் தெரியும். அவசரப்பட்டு நாரையோ கம்பிப் பிரஷையோ போட்டுச் சுரண்டினால், அழுக்குக்கு முன்னால் கோட்டிங் போய்விடும்.

ஆசிட் பேச்சை அவர் அத்தோடு விடவில்லை. "அது எங்கடையில கெடையாதுங்க" என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். சக்கரம் கழுவும் சில மலிவான கரைசல்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. சிலிக்காப் படலம் அதன்முன் எம்மாத்திரம்? மனிதத் தோலில் பட்டால் இன்னும் கொடுமை. நீர்த்த கரைசலாக இருந்தால் உடனே எரியாது, வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் அது தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் பளபளக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, அதைத் தேய்க்கிற கை யாருடையது என்ற நினைப்பு வருவதே இல்லை. அந்தக் கடையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் உதவிக்கு நின்றான். இரண்டு கைகளுக்கும் ரப்பர் கையுறை மாட்டிய பிறகுதான் அவனைச் சக்கரத்தின் அருகே விட்டார். காய்ந்த தூளை ஏர் கன் வைத்து ஊதவும் விடவில்லை. நனைத்த பிறகே எல்லா வேலையும். பறக்கும் பிரேக் தூள் லேசான விஷயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 சட்டம், புகைக்குழாயோடு நில்லாமல் பிரேக் தூளுக்கும் வரம்பு கட்டியிருக்கிறது: சாதாரண கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். நுரையீரலுக்குள் போகிற பொருள் என்பதால்தான் அந்தச் சட்டம். அதைப் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பையனின் மூச்சைப் பற்றிக் கடைக்காரர் யோசித்திருந்தார்.

முதலில் ஷாம்புக் கழுவல். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி பிரஷ்; வண்டி உடம்புக்கு அது போகவே போகாது. மேலோட்டமான கருப்பு வழிந்து ஓட, ஒட்டிய பழுப்புப் புள்ளிகள் அப்படியே நின்றன. தண்ணீரை வடியவிட்டு அயர்ன் ரிமூவரை அடித்தார். அழுகிய முட்டை போன்ற நாற்றம் பெஞ்ச்வரை வந்தது. அதில் இருக்கும் தயோகிளைக்கோலேட் உப்பின் குணம் அது. பார்லரில் முடியைச் சுருட்டப் பூசும் லோஷனிலும் அந்தக் குடும்பத்து உப்புதான் இருக்கிறது.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புள்ளி புள்ளியாக ஊதா நிறம் கசிந்தது. ஆரங்களின் விளிம்பிலும் நட்டுக் குழிகளிலும் கோடுகளாக இறங்கி, தரையில் நாவற்பழம் நசுங்கியதுபோல் படர்ந்தது. இரும்பைப் பிடித்து நீரில் கரைகிற சேர்மமாக மாற்றும்போது வரும் நிறம் அது. பையன் பிரஷை நீட்டினான். "கை வைக்காதடா, அதுவே எடுக்கட்டும்." ஊதா அடர்ந்து, ஆனால் காய்ந்துவிடாமல் இருக்கும் பக்குவத்தில்தான் மென்மையான பிரஷ் உள்ளே போனது. ஆரங்களுக்குப் பின்னால், யாரும் பார்க்காத உட்குழிவில், அதிக நேரம் செலவழித்தார். கழுவிவிட்டு இன்னொரு முறை அடித்தார். இந்தத் தடவை ஊதா வெளிறியே வந்தது. எடுக்க வேண்டிய இரும்பு குறைந்துவிட்டது.

நிறமே மாறாத சில கருப்புப் புள்ளிகள் மிச்சம். அவை இரும்பில்லை, சாலைத் தார். துணியில் தார் ரிமூவரை நனைத்து ஒற்றி எடுத்தார். அதற்கும் அசையாத ஓரிடத்தில் மட்டும், நிறைய ஷாம்பு நீர் விட்டு, அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை அழுத்தாமல் ஓட்டினார். நட்டுக்கு அருகே ஒரு தழும்பு அப்படியே நின்றது. அதை விட்டுவிட்டார். "கோட்டிங் அங்க மட்டும் போயிருச்சுங்க தம்பி. தேய்ச்சா பெயின்ட்டும் போயிரும்." நிறுத்த வேண்டிய இடம் தெரிந்ததைத்தான் அவருடைய தொழில்திறன் என்று சொல்வேன்.

மறுபடி தண்ணீர் அடித்தபோது அது சக்கரத்தில் நிற்காமல் உருண்டு விழுந்தது. இளைஞர் குனிந்து பார்த்தார். "அப்ப புதுசா கோட்டிங் போட வேண்டாங்களா?"

"இந்த வருஷம் வேண்டாமுங்க. இறங்கறப்ப செகண்ட் கியர்ல இறங்குங்க, பிரேக்க அமுக்கிப் புடிச்சுட்டே வராதீங்க. இப்ப வெளிய எடுத்ததும் மெதுவா ரெண்டு தடவ பிரேக் புடிங்க, ஈரம் காயட்டும்."

கூலி சொன்னதும் இளைஞரின் முகம் சுருங்கியது. வெறும் வாட்டர் வாஷுக்கு இவ்வளவா என்று கேட்டார். கடைக்காரர் பேரம் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இளைஞர் முழுத்தொகையும் கொடுத்தார்.

மலையிறங்கி வருகிறவர்களே, தூள் துருவாகும் முன் அந்த வாரத்திலேயே சக்கரத்தைக் கழுவிவிடுங்கள். நாள் கடந்துவிட்டால் ஆசிட் கேட்காதீர்கள். பொறுமையாக ஊறவைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.