மறுகால் எங்கலே இருக்கு?

ஆலங்குளத்துக்காரனிடம் போய், 'குளம் பார்க்க வர்றியா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஊர்ப் பேர்லயே குளம் இருக்கு சார், வேற வேலையப் பாருங்க' என்பான். அந்த ஊரில் பிறந்த நான், கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் ரயிலிலும் ஜீப்பிலும் இடுப்பு கழன்று போய் ஒரு குளம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு ஒன்பது நாள் லீவு வாங்க, ஒன்றுவிட்ட சித்தப்பா மகளுக்கு ஆபீஸ் ரெக்கார்டுப்படி மூன்றாவது தடவையாகக் கல்யாணம் செய்து வைக்க வேண்டியதாகிவிட்டது. மாப்பிள்ளை யார் என்று மானேஜர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

குளத்தின் பெயர் சோம்கோ. சாங்கு ஏரி என்றும் சொல்வார்கள். சிக்கிம் தலைநகர் காங்டாக்கிலிருந்து 38 கிலோமீட்டர், நாதுலா கணவாய்க்குப் போகும் வழியில், 12,300 அடி உயரத்தில் இருக்கிறது. நம்ம தொட்டபெட்டா 8,650 அடிதான். அதன் தலையில் இன்னொரு சின்ன மலையைத் தூக்கி வைத்தால் எப்படியோ, அந்த உயரம்!

எங்கள் ஊர் சமாசாரம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். ஊரெல்லாம் துண்டும் எண்ணெயுமாக ஓடும். தென்காசி தாண்டிக் கிழக்கே ஆலங்குளத்துக்கு வந்தால் அந்த மேகத்தில் காற்று மட்டும்தான் மிச்சம் இருக்கும். காற்றாலை சுற்றும், சட்டை காயும். குளத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரைக் கண்டால் எங்களுக்கு ஒரு மரியாதை வருவது இதனால்தான்.

நானும் நண்பனும் நியூ ஜல்பாய்குரியில் இறங்கி ஜீப் பிடித்தோம். காங்டாக் வரை சுமார் 120 கிலோமீட்டர், பாதி வழிக்கு மேல் தீஸ்தா ஆறு கூடவே வருகிறது. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, ஆற்றோரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். மணலில் ஜன்னல் வரை புதைந்திருந்தது.

"ஒரே மாடி வீடா?" என்றேன், தூர்தர்ஷனில் கற்ற ஹிந்தியில்.

"இல்ல சாப், ரெண்டு மாடி. நீங்க பார்க்கறது மேல் மாடி."

என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, 'லோனாக் ஏரி' என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரியவில்லை. நண்பன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஹௌராவைத் தூங்கியே கடந்தவன்.

மறுநாள் காலை சோம்கோ. பார்டர் ஏரியா என்பதால் பெர்மிட் வேண்டும். அடையாள அட்டை நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கொடுத்தால் டிராவல்ஸ்காரரே வாங்கித் தந்துவிடுகிறார். சொந்த ஊர் ரேஷன் கார்டுக்கு நாயாய் அலைந்தவனுக்கு இது அதிசயம்.

காங்டாக் சுமார் 5,400 அடி. இரண்டு மணி நேரத்தில் இன்னும் ஏழாயிரம் அடி ஏறுகிறோம். ரோடு ஏறுகிறது, கூடவே தலைவலியும் ஏறுகிறது. அந்த உயரத்தில் காற்று அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் நம்ம ஊரில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. இறங்கியதும் உற்சாகத்தில் நாலடி ஓடிய நண்பன், ஐந்தாவது அடியில் உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குடா" என்றான். இரண்டு நாள் காங்டாக்கில் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு ஏறுங்கள். ஓடாதீர்கள். முதல் நாளே பாட்டிலைத் திறக்கிற கோஷ்டியாக இருந்தால், திறக்காதீர்கள்.

அப்புறம்தான் ஏரியை நிமிர்ந்து பார்த்தேன்.

ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, முட்டை வடிவத்தில், சுற்றிலும் வெள்ளை மலைகள் காவலுக்கு நிற்க, நடுவில் தண்ணீர். ஏப்ரல் மாதம் என்பதால் பாதி ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. உருகிய பாதியில் மலை தலைகீழாகத் தெரிந்தது. மேகம் நகர்ந்தால் தண்ணீர் கரும்பச்சை, வெயில் வந்தால் நீலம். அந்தக் காலத்தில் லாமாக்கள் இந்த நிறத்தைப் பார்த்தே குறி சொல்வார்களாம். மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் தண்ணீர் உறையாமல் இருக்கும். நாலு டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் போய்த் தங்கிவிடும். எட்டாம் வகுப்பில் படித்தபோது, 'இது எதுக்குடா நமக்கு' என்று நினைத்த பாடம்!

கரையில் யாக் எருமைகள், கொம்புக்குக் கலர் கலராக உறை மாட்டி, கல்யாண வீட்டு மாமா மாதிரி நிற்கின்றன. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பூட்ஸும் கோட்டும் வாடகைக்குக் கிடைக்கும். டீ கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள், ஆனால் உதடு சுடவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். குப்பை விஷயத்தில் சிக்கிம் ரொம்பக் கறார். பிளாஸ்டிக் பையை 1998-லேயே தடை செய்த மாநிலம். குற்றாலத்தில் ஷாம்பு பாக்கெட் மிதித்தே பழகிய காலுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அன்று ராத்திரி காங்டாக் லாட்ஜிலிருந்து அப்பாவுக்கு முப்பது போட்டோ அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏலே, தண்ணி நல்லாத்தான் கெடக்கு. கரை எங்க?"

"கரையெல்லாம் யாரும் போடலப்பா. தானா உண்டான ஏரி."

"கரையில்லாம தண்ணி எப்பிடிலே நிக்கும்? சரி, மறுகால் எங்கலே இருக்கு?"

வெளிமாவட்ட வாசகர்களுக்கு: குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் வழிதான் மறுகால். அது அடைபட்டால் குளம் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும். 'இத்தனை போட்டோவுல அது ஒண்ணுகூட இல்லியேடா' என்பது அப்பாவின் குறை. அவருக்கு இமயமலையும் ஒரு கம்மாய்தான்.

காலையில் டிரைவரிடம் கேட்டேன். சோம்கோவுக்கு மறுகால் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து லுங்ட்சே சூ என்ற ஓடை கிளம்பி, ரங்போ ஆற்றில் சேர்ந்து, கடைசியில் தீஸ்தாவுக்குப் போகிறது. 'இது நல்ல ஏரி சாப்' என்றவர், அந்தப் புதைந்த வீட்டின் கதையைச் சொன்னார்.

இந்த மாதிரி ஏரிகள் உண்டாவதே ஒரு வேடிக்கை. பனியாறு என்பது மெதுவாக நகரும் புல்டோசர். மலையைச் சுரண்டிப் பள்ளம் பறிக்கும், சுரண்டிய கல்லையும் மண்ணையும் முன்னால் தள்ளிக் குவிக்கும். பிறகு உருகிப் பின்வாங்கும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். குவித்த குப்பைதான் பல இடங்களில் கரை. டெண்டர் கிடையாது, ஓவர்சியர் கிடையாது. கல்லுக்கு நடுவே பனிக்கட்டி வேறு. அது உருகினால் கரை உள்ளுக்குள் பொக்கை.

வடக்கு சிக்கிமில், 17,000 அடி உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் அப்படி ஒரு ஏரி. பூமி சூடாகச் சூடாகப் பனியாறு பின்வாங்கியது, ஏரி பல மடங்கு பெருத்தது. ஆபத்து தெரியாமல் இல்லை. 2016-ல் குழாய் போட்டு, மண்ணெண்ணெய் டின்னில் டியூப் விட்டு உறிஞ்சுகிற மாதிரித் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள். முழுமையான எச்சரிக்கை ஏற்பாடு வருவதற்குள் 2023 அக்டோபர் 3 இரவு முந்திக்கொண்டது. பக்கத்துச் சரிவு ஏரிக்குள் சரிந்து, அலை எழும்பி, கரை உடைந்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படத்தில் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, உடைந்த பின் 60 ஹெக்டேர்.

வெளியேறிய தண்ணீர் சுமார் ஐந்து கோடி கன மீட்டர். நம்ம பாபநாசம் அணை நிறைந்தால் பிடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அது கல்லும் மண்ணுமாக இறங்கி, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின் திட்டத்தின் 60 மீட்டர் உயர அணையை அடித்துக்கொண்டு போனது. பாலங்கள் போயின. ராணுவ வீரர்கள் உட்பட ஏராளமானோர் போனார்கள். கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த ஏரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரயிலில் திரும்பும்போது எனக்குப் பழைய குற்றாலம்தான் ஞாபகம் வந்தது. 2024 மே 17. அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் மலையிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி, பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அங்கே பனியும் இல்லை, ஏரியும் இல்லை. மேலே பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அருவியோ ஏரியோ, நாம் தண்ணீரைப் பார்க்கிறோம். அதற்கு மேலே என்ன இருக்கிறது, எந்த வழியாக இறங்கும் என்று பார்ப்பதில்லை. அப்பா பார்க்கிறார். அழகான தண்ணீரைக் கண்டால் நமக்குக் கேமரா ஞாபகம் வருகிறது, அவருக்கு மறுகால் ஞாபகம் வருகிறது.

ஊர் வந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு குளத்துக்குப் போனேன். மறுகால் ஓடைக்குள் சீமைக் கருவேலம். அதன் முள்ளில் கேரி பேக், பரோட்டா பார்சல் கவர். நாங்கள் தின்றதும் அதில் இருந்திருக்கலாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். அன்று ஒரு சாக்கு நிறைந்தது, ஓடையில் இன்னும் நாற்பது சாக்கு இருக்கும்.

திங்கட்கிழமை ஆபீஸில் யாக் மேல் உட்கார்ந்த போட்டோவை எல்லோரும் ரசித்தார்கள். மானேஜர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி, இதுல மாப்பிள்ளை யாரு?"