கரணைக்கும் ஒரு பள்ளி

சென்னைக்கு வரும் யாத்திரிகர்கள் மெரீனாக் கடற்கரையையும் மயிலைக் கோபுரத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரையை நாடிச் செல்வோர் அரியர். அங்கே புகையும் லாரிப் புழுதியும் உண்டென்பது மெய்யே. எனினும், கட்டிடத் தொழிலின் சரித்திரத்தை அறிய விரும்பும் நேயர்களை அவ்வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. அந்த ஸ்டேஷனின் தூண்வரிசையை வியப்போர் பலர். கட்டிய கொத்தர்களை நினைப்போர் எவருமில்லை. அந்நாளில் சாந்து என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்ப்பார்கள். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு சலவைக்கல்போல் மின்னுவதைக் கண்டு அயல்நாட்டாரும் அதிசயித்தனர்.

அடுத்தது திருவொற்றியூர். ஆதிபுரீசுவரர் சந்நிதி முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளியாயிற்று. கல்வெட்டு மன்னன் பெயரோடு நின்றுவிடவில்லை. கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்றும் கூறுகிறது. தொழிலாளிக்கு எத்தகைய மரியாதை!

எண்ணூரை நெருங்கினால் அனல் நிலையங்களின் புகைபோக்கிகள் தோன்றுகின்றன. இத்தகைய நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலும் இன்று சிமெண்டில் கலந்து நம் வீட்டுச் சுவரில் ஏறுகிறது. 1904-இல் சென்னையிலேயே கடற்சிப்பியிலிருந்து சிமெண்டு செய்ய முயன்று பலிக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் பலித்தது. அதன்பின் சுண்ணாம்பின் ஆட்சி மெல்ல மறைந்தது.

சுண்ணாம்பு பொறுமைசாலி, சிமெண்டோ அவசரக்காரன். கலந்து அரைமணி கழிந்தால் இறுகத் தொடங்கிவிடலாம். பூசியபின் ஏழு நாளாவது நீர் தெளித்துக் காக்கவேண்டும். கடல்மணல் சேர்ந்தால் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். இவற்றையெல்லாம் முறையாகக் கற்பிப்பவர் யார்? பையன் கையாளாகச் சேர்கிறான், சட்டி சுமக்கிறான், மேஸ்திரி கண்ணயர்ந்த வேளையில் கரணையையும் மணியாசுக் கட்டையையும் எடுத்துப் பழகுகிறான். என்றேனும் கொத்தனாராகிறான். அவனுடன் வேலைக்கு வந்த சித்தாள் பெண்ணோ இருபது வருஷம் கலவை சுமந்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறாள். சுவரின் கோணலை அவள் கண் அறியும். தூக்குக்குண்டு மட்டும் அவள் கைக்கு வருவதில்லை.

வழியில்லாமல் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில் கொத்தர் வேலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு; எட்டாம் வகுப்புத் தேறினால் போதும். ஆனால் எட்டாம் வகுப்பை எட்டாத சித்தாளுக்கு அந்த வாசலும் அடைத்ததே. அவளுக்கு வேலைத்தலத்திலேயே, கூலி குறையாமல், பயிற்சி அளிக்கவேண்டும். பாடம் சொல்வதையே ஜீவனமாகக் கொண்ட நாம் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தச்சன் பெயரைக் கல்லிலே பொறித்த ஊர் இது. சித்தாளின் பெயரை ஒரு பயிற்சிப் பதிவேட்டில் எழுதுவது அவ்வளவு அரிய காரியமா?