உம்மாவும் என் கார்ட்டூனும்

எங்கள் வீட்டில் அனிமே என்ற சொல் செல்லாது. உம்மாவுக்கு எல்லாம் கார்ட்டூன்தான். "ஓ.எல். சோதினை வருது. இன்னும் கார்ட்டூன் பார்க்கிற வயசா மகள்?" என்ற கேள்வி வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில் கிழமைக்கு மூன்று தரமாவது கேட்கும்.

என் பைத்தியம் தரம் 8இல் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் தோழி ஒருத்தி ஒரு நாள் மங்கா புத்தகம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். மங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. அந்தச் சித்திரங்கள் அசைந்தால் அனிமே. வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்த நாங்கள் கதையின் முடிவைப் பார்த்துவிட்டு விழித்தோம். "ஓதுற மாதிரி வலப் பக்கத்தில இருந்து திறங்கடி" என்றாள் தோழி. சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதிப் பழகிய எங்களுக்கு அதன் பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லை.

நான் அதிகம் விரும்புவது ஜிப்லி நிறுவனத்தின் படங்களை. 1988இல் ஒரே நாளில் இரண்டு படங்களை அவர்கள் வெளியிட்டார்கள். ஒன்று மியாசாகி இயக்கிய 'என் அயலவன் டொட்டோரோ'. அதைப் பார்த்தால் மனம் லேசாகிவிடும். மற்றது தகஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'. அது நேர் எதிர். 1945இல் குண்டுவீச்சில் தாயை இழந்த பதினான்கு வயது செய்த்தாவும் அவனுடைய நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் பசியோடு போராடும் கதை.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். செட்சுகோவின் இனிப்புப் பேணி வெறுமையாகிறது. அண்ணன் அதற்குள் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருந்த இனிப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறான். உம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்களிட்டயும் ஒரு பேணி இருந்தது" என்றார்.

உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவருக்கு எட்டு வயது. வழியில் காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் நான் முன்பே கேட்டது. பேணிக் கதையை அன்றுதான் முதலில் கேட்டேன்.

உம்மம்மா ஒரு பேணி பிஸ்கட் கொண்டு வந்தாராம். மூன்று வயதுத் தம்பிக்கு என்று சொல்லி அதை உம்மாவிடம் கொடுத்திருந்தாராம். வவுனியாவுக்கு வரும் வழியில் தம்பி தூங்கியபோது உம்மா ஒளித்து ஒளித்து அதைத் தின்றுவிட்டார். தம்பி விழித்துக் கேட்டபோது, "விழுந்துட்டுது" என்று சொன்னாராம்.

"முப்பது வருசத்துக்கு மேல ஆகுது மகள். ஒருத்தருக்கும் சொல்லல்ல."

இந்தப் படம் நொசாக்கா அகியுகி என்ற எழுத்தாளர் 1967இல் எழுதிய சிறுகதையில் இருந்து வந்தது. போர்க்காலத்தில் பசியால் இறந்த தன் தங்கையை நினைத்து, அந்தக் குற்ற உணர்வோடு அவர் அதை எழுதினார். இதை உம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு புத்தளத்தில் இருக்கும் மாமாவுக்கு உம்மா தொலைபேசி எடுத்தார். மாமாவுக்கு அந்தப் பேணி ஞாபகத்திலேயே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. ஆனால் அன்று நேரத்தோடு தூங்கினார்.

அனிமே எல்லாமே நல்லது என்று நான் வாதாட வரவில்லை. எங்கள் வயதுக்குப் பொருந்தாதவையும் அதில் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: அன்புள்ள பெற்றோரே, பிள்ளை என்ன பார்க்கிறாள் என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எட்டு வயது உம்மாவை நான் சந்தித்தது அப்படித்தான்.

போன கிழமை நாங்கள் இருவரும் டொட்டோரோ பார்த்தோம். முடிந்ததும் உம்மா எழுந்து சொன்னார்: "நல்ல கார்ட்டூன். இப்ப போய்க் கணக்குச் செய்."