மலையாளப் படம்

தமிழில் ‘மலையாளப் படம்’ என்பது ஒரு மொழியில் எடுத்த படத்தைக் குறிக்காமல் போய்ப் பல காலமாயிற்று. அது ஒரு வசை. கூடவே ஒரு விளம்பரம். சொல்கிறவன் கண்ணடிப்பான், கேட்கிறவன் புரிந்துகொள்வான். இந்தக் கண்ணடிப்புக்குக் கீழே சில நல்ல படங்கள் புதைந்து கிடக்கின்றன என்பதுதான் என் ஆற்றாமை.

1978ல் ஐ. வி. சசியின் ‘அவளுடெ ராவுகள்’ வந்தது. அதே வருஷம் பரதனின் ‘ரதிநிர்வேதம்’. மறு வருஷம் ‘தகர’. பரதனின் இரண்டு படங்களுக்கும் எழுத்து பத்மராஜன். ‘ஏ’ என்ற எழுத்து வயதைப் பற்றிய குறிப்பு மட்டுமே. 1951ல் ‘மர்மயோகி’க்கு அது கிடைத்தது ஆவிக்காக. எழுபதுகளின் கடைசியிலோ அதற்கு ஒரே அர்த்தம்தான் மிஞ்சியிருந்தது. தமிழ்நாட்டில் இப்படங்கள் காலைக் காட்சிக்கு வந்து சேர்ந்தன. தம்பியை ஆளாக்க உடம்பை விற்கும் ராஜியின் கதை, சுவரொட்டியில் சீமாவின் தொடையாகச் சுருங்கிற்று.

இப்படங்களின் சபை எது என்று எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததைத் தொடர்ந்து சுற்றுவட்டாரமெங்கும் முளைத்த பட்டறைகளில் அதுவும் ஒன்று. ஒரே அறையில் ஆறு பேர், முறைவைத்துத் தூக்கம். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குப் பகலில் படுக்க இடமிருக்காது. மின்விசிறியின் கீழே சாய்ந்துகொள்ளக் கொட்டகையைவிட மலிவான இடம் கிடையாது. காமத்துக்காக மட்டும் கூடிய கூட்டம் என்று அதைச் சொல்வது பாதி உண்மை.

‘ரதிநிர்வேத’த்தை 1984ல், திரும்ப ஓட்டியபோது பார்த்தேன். நடுவே, படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு ஓடிற்று. வேறு நிறம், வேறு முகங்கள், ஒலி கிடையாது. ‘பிட்டு’ என்று அதற்குப் பெயர். தணிக்கை முடிந்த படத்தில் கொட்டகையில் ஒட்டிக்கொள்வது. அது முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்த நாங்கள் சிலர்தான் மழையையும் சர்ப்பக்காவையும் பார்த்தோம். தன்னைவிட இளையவனான பப்புவுக்கு ரதி ஒருமுறை இணங்குகிறாள். அங்கேயே பாம்பு தீண்டிச் சாகிறாள். அவன் ஊரை விட்டுப் போகிறான்.

என்னோடு வந்த டர்னர் அண்ணன் பிட்டோடு எழுந்து போனவர். டீக்கடையில் கேட்டார்:

“ஏம்பா, அந்தப் பொண்ணுக்குக் கடைசியில என்னாச்சு?”

“பாம்பு கடிச்சுச் செத்துட்டாண்ணே.”

“அட பாவமே. பையன்?”

“காலேஜுக்குப் போயிட்டான்.”

“போவான், போவான். அவனுக்கென்ன.”

கிளாஸை வைத்துவிட்டுப் பேசாமல் நடந்தார். ஆசை இருவருடையது, விலை கொடுத்தவள் ஒருத்தி. படத்தின் பலமும் அதுதான், அதன்மேல் வைக்க வேண்டிய கேள்வியும் அதுதான். பெண்ணைக் கொன்றுதான் கதையை முடிக்க வேண்டுமா என்று பத்மராஜனைக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டிய விமர்சகர்கள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஃபிலிம் சொஸைட்டியில் பெர்க்மன் காட்டிய உடல் கலை. வாளையாறு தாண்டி வந்த உடல் ஆபாசம். அதே பரதன் 1992ல் ‘தேவர் மக’னை எடுத்தபோது தமிழன் தலையில் வைத்துக் கொண்டாடினான். அதே வருஷம் ‘தகர’யை அவரே ‘ஆவாரம்பூ’ என்று தமிழில் எடுத்தார். ‘தகர’யைத் தேடிப் போனவர்கள் அப்போதும் அதிகமில்லை.

எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1988ல் ‘ஆதிபாபம்’ வந்ததற்குப் பின் பிட்டுக்காகவே படம் என்ற நிலை வந்தது. அவற்றுக்காக வழக்காட எனக்கு ஒன்றுமில்லை. 2011ல் ‘ரதிநிர்வேதம்’ மறுபடி எடுக்கப்பட்டபோதும் முன்னே நின்றது நடிகையின் உடம்புதான்.

கொட்டகைக்காரர் ஒட்டிய துண்டை மனத்தில் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சப் படத்தைப் பார்ப்பது விமர்சகன் வேலை. மண்ணூர்பேட்டையில் அதை ஒரு டர்னர், படத்தைப் பாதியே பார்த்துவிட்டு, ஒரு கிளாஸ் டீ தீர்வதற்குள் செய்து முடித்தார்.